மூளைப் பாடத்தில் ஊருக்கும் இடம் வேண்டும்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் உளவியல், உயிரியல், மருத்துவம், சட்டம், கல்வியியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



உங்கள் துறைகள் எல்லாவற்றிலும் மூளை ஏதோ ஒரு வடிவில் பாடமாக இருக்கிறது. உளவியல் மாணவர் நியூரானின் படம் வரைந்து பாகம் குறிக்கிறார். மருத்துவ மாணவர் மூளையை அறுத்துப் பார்க்கிறார். சட்ட மாணவர் சித்தம் கலங்கிய நிலையில் செய்த குற்றத்துக்கு விலக்கு உண்டா என்று படிக்கிறார். பி.எட். மாணவர் நினைவும் கவனமும் பற்றிப் படிக்கிறார். நால்வரும் தத்தம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

பிறகு மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு பக்கம் போகிறார்கள். அங்கே மூளை, பாடப்புத்தகத்தில் இருந்ததுபோலத் தனியாக வருவதில்லை. ஒரு கொலை வழக்கோடு வருகிறது, விளம்பரத்தோடு வருகிறது, பிள்ளையின் எதிர்காலத்தை நினைத்துக் கலங்கும் பெற்றோரின் பயத்தோடு வருகிறது. அந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றுதான். மூளை அறிவியல் சமூகத்தை எப்படி மாற்றுகிறது, சமூகம் அந்த அறிவியலையும் மனித மூளையையும் எப்படி மாற்றுகிறது என்பதைப் பாடத்தின் நடுவிலேயே வைத்துக் கற்பியுங்கள். கடைசி அலகில், நேரம் மிஞ்சினால் நடத்தும் 'நெறிமுறைகள்' என்ற தலைப்புக்குள் அதை ஒதுக்கிவிடாதீர்கள். இதற்கான பாடப்பொருளைத் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் நாட்டிலேயே, நம் சென்னையிலேயே இருக்கிறது.

புனேயிலிருந்து தொடங்குகிறேன். 2008 ஜூனில் அங்குள்ள செஷன்ஸ் நீதிமன்றம், முன்னாள் காதலரை ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாக ஓர் இளம் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. தீர்ப்பில் ஏற்கப்பட்ட சான்றுகளில் ஒன்று, அவருடைய மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து எடுத்த அறிக்கை. 'பியாஸ்' என்று அழைக்கப்படும் அந்த முறையை உருவாக்கியவர் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்த முகுந்தன். சோதிக்கப்படுபவரின் தலையில் ஈஇஜி மின்முனைகளைப் பொருத்துகிறார்கள். சம்பவத்தைப் பற்றிய வாக்கியங்களை, அவரே சொல்வதுபோல 'நான்' என்று தொடங்கி ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்கிறார்கள். அவர் வாய் திறக்க வேண்டியதில்லை. ஒரு செயலைப் பற்றிக் கேள்விப்பட்டவருடைய மூளையையும் அதைத் தானே செய்தவருடைய மூளையையும் இந்த அலைகள் பிரித்துக் காட்டிவிடும் என்பதுதான் அந்த முறையின் உரிமைகோரல்.

இதை மாணவர்கள் முன் வைத்துப் பாருங்கள். நினைவு பற்றி அவர்கள் படித்ததெல்லாம் அப்போது உயிர் பெறும். எலிசபெத் லாஃப்டஸ் 1974-இல் செய்த சோதனை எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. கார் விபத்துக் காட்சியைப் பார்த்தவர்களிடம் 'மோதியபோது' என்று கேட்காமல் 'மோதி நொறுங்கியபோது' என்று கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களில் அதிகம் பேர், படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாக ஒரு வாரம் கழித்துச் சொன்னார்கள். ஒரே ஒரு சொல்லுக்கு நினைவு இவ்வளவு வளைகிறது. அப்படியானால், மாதக்கணக்கில் விசாரணையில் அதே குற்றச்சாட்டைக் கேட்டுக்கேட்டு இரவெல்லாம் அதையே நினைத்துக் கிடந்த ஒருவரின் மூளை, 'கேள்விப்பட்டது', 'செய்தது' என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுமா? இந்தக் கேள்வியை எழுப்ப இளநிலை மாணவருக்குத் தெரிந்த உளவியலே போதும். நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழுவும், இந்த முறைக்குப் போதிய அறிவியல் அடிப்படை இல்லை, நீதிமன்றச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்றே சொன்னது. அந்தப் பெண்ணுக்கு மும்பை உயர் நீதிமன்றம் பின்னர் ஜாமீன் வழங்கியது.

கதை அத்தோடு முடியவில்லை. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மை கண்டறியும் ஊசி, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை மூன்றையும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் நடத்தக் கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசமைப்புச் சட்டத்தின் 20(3) கூறு, மூளைக்குள் இருப்பதற்கும் பொருந்தும் என்று விளக்கியது. அதே தீர்ப்பு ஒரு கதவைச் சற்றே திறந்தும் வைத்திருக்கிறது. சம்மதித்து நடந்த சோதனையின் முடிவைச் சான்றாக ஏற்க முடியாது. ஆனால் அதன் வழியே பின்னர் ஒரு பொருளோ தகவலோ கண்டெடுக்கப்பட்டால் அதை ஏற்கலாம். காவல் நிலையத்தில் இருப்பவர் தரும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம் என்ற கேள்வி இங்கே பிறக்கிறது.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும் மாணவர், இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். இந்தக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்பது ஒன்று. சரியாகவே வேலை செய்தாலும் அரசு ஒருவருடைய மூளைக்குள் நுழையலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஆய்வகம் பதில் சொல்லும். இரண்டாவதற்கு எந்த ஸ்கேனும் பதில் சொல்லாது. குடிமக்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாத ஒரு தலைமுறையை உருவாக்குவதைவிடப் பெரிய வேலை நம் வகுப்பறைக்கு இல்லை என்று நம்புகிறேன்.

அடுத்து, நம் மாணவர்களின் வயதையே தொடும் ஒரு விஷயம். பதின்பருவத்தினரின் மூளை, குறிப்பாக முன்நெற்றிப் பகுதி, இருபதுகளிலும் முதிர்ந்துகொண்டிருக்கிறது என்று எம்ஆர்ஐ ஆய்வுகள் காட்டின. 2005-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 18 வயதுக்குள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று சொன்னபோது, மருத்துவர் அமைப்புகளும் உளவியலாளர் அமைப்பும் இத்தகைய ஆய்வுகளை எடுத்துச் சொல்லி மனு அளித்திருந்தன. 2010-இல் அதே நீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு மூளை அறிவியலை நேரடியாகவே குறிப்பிட்டது. இதையெல்லாம் அறிவியலின் வெற்றி என்று நடத்திவிட்டுப் போகலாம். ஆனால் 2005 தீர்ப்பில் மாறுபட்ட நீதிபதி ஸ்காலியா ஒரு கூர்மையான கேள்வி கேட்டார். சிறுமியரின் கருக்கலைப்பு உரிமை பற்றிய முந்தைய வழக்கில், பதின்பருவத்தினர் முதிர்ச்சியோடு முடிவெடுப்பார்கள் என்று இதே உளவியலாளர் அமைப்புதானே வாதாடியது? இதற்குப் பின்னர் வந்த பதில், நிதானமாக யோசித்து எடுக்கும் முடிவு வேறு, கோபத்திலும் நண்பர்கள் நடுவிலும் எடுக்கும் முடிவு வேறு, இரண்டும் வெவ்வேறு வயதில் முதிர்கின்றன என்பது. பதில் ஏற்கத்தக்கதா என்று மாணவர்கள் வாதாடட்டும். சமூகம் கேள்வியைக் கேட்கும் விதத்துக்கு ஏற்ப அறிவியலின் எந்தப் பக்கம் மேலே வருகிறது என்பதை அவர்கள் கண்கூடாகப் பார்ப்பார்கள்.

இந்தியாவில் சட்டம் எதிர்த்திசையில் நகர்ந்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமையில் குற்றவாளிகளில் ஒருவர் 18 வயது நிரம்பாதவர். நாடு முழுக்க எழுந்த கோபத்தின் பின்னணியில் 2015-இல் புதிய இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. 16 முதல் 18 வயதுக்குட்பட்டவர் கொடிய குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அதைச் செய்யும் மன, உடல் திறனும் விளைவை உணரும் ஆற்றலும் அவருக்கு இருந்தனவா என்று இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட வேண்டும். அதைப் பொறுத்து அவரைப் பெரியவர்போல விசாரிக்கலாம். ஓராயிரம் மூளைகளின் சராசரியிலிருந்து, எதிரே நிற்கும் ஒரு பையனின் அன்றைய மனநிலையைச் சொல்லிவிட முடியுமா? 2022-இல் உச்ச நீதிமன்றம் இது மிக நுட்பமான பணி என்றது. குழுமத்தில் குழந்தை உளவியலோ உளமருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் நிபுணர் உதவியை நாடியே ஆக வேண்டும் என்றும் சொன்னது. அந்த நிபுணராக நாளை உட்காரப்போகிறவர் இன்று உங்கள் வகுப்பில் இருக்கிறார். அவரிடம் சராசரிக்கும் தனி மனிதருக்கும் உள்ள இடைவெளியைச் சொல்லியிருக்கிறோமா?

இதுவரை சொன்னது அறிவியல் சமூகத்துக்குள் வரும் வழி. சமூகம் மூளைக்குள் போகும் வழியும் உண்டு. அதற்கு ஈயத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. 1920-களில் பெட்ரோலில் ஈயம் கலக்கத் தொடங்கினார்கள். அதனால் தீங்கில்லை என்று பல பத்தாண்டுகள் சொல்லிவந்த ஆய்வுகளுக்குப் பணம் அந்தத் தொழில்துறையிடமிருந்தே வந்தது. 1979-இல் ஹெர்பர்ட் நீடில்மன், பிள்ளைகளின் விழுந்த பால் பற்களில் இருந்த ஈயத்தை அளந்து, நோய் அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைகளிடமும் ஈயம் கூடக்கூட அறிவுத்திறன் குறைவதைக் காட்டினார். அவர் மீது ஆய்வு மோசடிக் குற்றச்சாட்டு வந்தது, விசாரணையில் விடுபட்டார். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில்தான் ஈயம் கலந்த பெட்ரோல் முற்றிலும் ஒழிந்தது. ஆனால் ஈயம் ஒழியவில்லை. பேட்டரி உருக்கும் இடங்களிலும் சில பெயின்டுகளிலும் அது இன்னும் இருக்கிறது. உலகப் பிள்ளைகளில் மூவரில் ஒருவருடைய, அதாவது ஏறத்தாழ 80 கோடிப் பேருடைய இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாக 2020-இல் யுனிசெஃப் அறிக்கை மதிப்பிட்டது. சென்னைப் பிள்ளைகளிடமே இரத்த ஈயத்தையும் கை-கண் ஒருங்கிணைவுத் திறனையும் ஒப்பிட்டு ஆய்வு நடந்திருக்கிறது.

நரம்பிணைப்பில் கால்சியத்தின் வேலையைக் கற்பிக்கும் அதே வகுப்பில், ஈயம் அந்த வேலையில் குறுக்கிடுவதையும், அந்த ஈயம் எந்தத் தெருப் பிள்ளைக்கு அதிகம் போய்ச் சேர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். அதற்குக் கூடுதல் தாள் தேவையில்லை.

ஊர் மூளைக்குக் கேடு மட்டும் செய்வதில்லை. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத, பெரும்பாலும் முப்பது வயதையொட்டிய பெண்களுக்கு ஆறு மாதம் எழுத்து கற்பித்து, முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வு, புறணியோடு நிற்காமல் தலாமஸ், மூளைத்தண்டு வரைக்கும் இணைப்புகள் மாறியிருந்ததைக் காட்டியது. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்ட ஒருவருடைய மூளையை 'இயற்கை' என்று எடுத்துக்கொண்டு ஒப்பிடுவது எவ்வளவு பிழை என்பதை இந்த ஓர் ஆய்வு உணர்த்திவிடும்.

இனி நமக்கு மிக அருகில் உள்ள, நாம் மிகக் குறைவாகப் பேசும் பாடம். 1949-இல் லோபோடமி என்ற மூளை அறுவைக்காக எகாஸ் மோனிஸுக்கு நோபல் பரிசு கிடைத்ததை மாணவர்களுக்குச் சொல்கிறோம். சென்னையைச் சொல்வதில்லை. இந்திய நரம்பு அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவரான ராமமூர்த்தியும், பாலசுப்ரமணியமும், ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவை மருத்துவர் என்று போற்றப்படும் கனகாவும் 1960-களிலிருந்து சென்னையில் ஒரு சிகிச்சையைச் செய்துவந்தார்கள். கட்டுக்கடங்காத ஆக்ரோஷமும் ஓயாத அமைதியின்மையும் கொண்டவர்களின் மூளையில், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டலாவையும், சிலருக்கு ஹைப்போதலாமஸின் பின்பகுதியையும் நுண்ணியதாக அழிக்கும் அறுவை அது. ஜப்பானில் நரபயாஷியும் சானோவும் தொடங்கிய வழி. சென்னைக் குழு அதற்கு 'சாந்தப்படுத்தும் நரம்பு அறுவை' என்ற பொருளில் பெயரிட்டது. சிகிச்சை பெற்றவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். 1988-இல் ராமமூர்த்தி வெளியிட்ட கட்டுரை 600-க்கும் மேற்பட்ட அறுவைகளைப் பற்றிப் பேசுகிறது.

இதைக் குற்றப்பத்திரிகையாக நடத்த வேண்டாம். இவர்கள் ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தவர்கள். முடிவுகளை மறைக்காமல் பதிப்பித்தவர்கள். பெருமைக் கதையாகவும் நடத்த வேண்டாம். மாணவர்கள் கேட்கட்டும்: ஒரு பிள்ளையின் ஓயாத ஓட்டம் மூளையின் நோய் என்று யார் முடிவு செய்தார்கள்? பெற்றோருக்கு அன்று வேறு என்ன வழி இருந்தது? சிறப்புப் பள்ளி இருந்ததா, பராமரிப்பு உதவி இருந்ததா? 'முன்னேற்றம்' என்று எதை அளந்தார்கள்: பிள்ளையின் மகிழ்ச்சியையா, வீட்டின் அமைதியையா? அந்தப் பிள்ளையிடம் யாராவது கேட்டார்களா? இந்தக் கேள்விகளின் நீண்ட வரிசைதான் கடைசியில் சட்டமாகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மாண்ட நாட்டில், 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. மயக்க மருந்தில்லாத மின்னதிர்ச்சியைத் தடை செய்கிறது. நோயாளியின் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் இல்லாமல் மனநோய்க்கான மூளை அறுவை கூடாது என்கிறது. மாணவர் இந்தப் பிரிவுகளை வெறும் விதிகளாக மனப்பாடம் செய்வதற்கும், ஒவ்வொரு வரிக்குப் பின்னும் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து படிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

சந்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கும் 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' வகுப்புகளும், விரல் ரேகையிலிருந்து பிள்ளையின் அறிவுவகையைச் சொல்லும் சோதனைகளும் நம் ஊர்களில் பணம் பார்த்தன. நடுமூளை பிறந்ததிலிருந்தே வேலை செய்கிறது. அதைத் தூண்டிவிட ஒருவர் தேவையில்லை. விரல் ரேகைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய உளமருத்துவச் சங்கமே சொல்லியிருக்கிறது. நம்மிடம் படித்த பட்டதாரிகளும் இவற்றுக்குப் பணம் கட்டியிருப்பார்கள் என்பது நாம் யோசிக்க வேண்டிய செய்தி.

எப்படிக் கற்பிப்பது? நான்கு யோசனைகள் சொல்கிறேன்.

ஒன்று, கூட்டு வகுப்பு. ஒரே வளாகத்தில், இல்லாவிட்டால் ஒரே ஊரில், சட்டக் கல்லூரி மாணவர்களும் உளவியல் மாணவர்களும் சேர்ந்து செல்வி தீர்ப்பை வாசிக்கட்டும். இவர் ஈஇஜியை விளக்க, அவர் 20(3) கூறை விளக்கட்டும்.

இரண்டு, வேர் தேடும் பயிற்சி. 'மூளை ஆய்வு சொல்கிறது' என்று வரும் ஒரு நாளிதழ்ச் செய்தியை எடுத்து, மூல ஆய்வு வரை மாணவர் போக வேண்டும். எத்தனை பேரைச் சோதித்தார்கள், எந்த நாட்டவர், யாரோடு ஒப்பிட்டார்கள், பணம் யாருடையது என்று கேட்க வேண்டும். முன்னணி உளவியல் இதழ்களில் சோதிக்கப்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர், உலக மக்கள்தொகையில் 12 விழுக்காடே கொண்ட நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2010-இல் ஹென்ரிக்கும் சகாக்களும் எடுத்துக்காட்டியதை அப்போது சொல்லுங்கள்; மறக்கமாட்டார்கள்.

மூன்று, அனுபவம் உள்ளவர்களை ஆசிரியராக அழையுங்கள். வலிப்பு நோயோடு வாழ்பவர், மனச்சிதைவு கொண்ட மகனைப் பராமரிக்கும் தாய், பக்கவாதத்திலிருந்து மீண்டவர் ஆகியோர் வந்து பேசட்டும். அவர்களைக் காட்சிப்பொருளாக நிறுத்தாமல், உரிய மதிப்பூதியம் கொடுத்து, ஒரு மணி நேர வகுப்பை அவர்கள் கையில் ஒப்படையுங்கள்.

நான்கு, மதிப்பீட்டை மாற்றுங்கள். அமிக்டலாவின் பணிகளை எழுதுக என்ற கேள்வியோடு, ஒரு பெற்றோருக்கோ பஞ்சாயத்துத் தலைவருக்கோ ஒரு மூளை ஆய்வைத் தமிழில் ஒரு பக்கத்தில் விளக்கும் கேள்வியையும் அகமதிப்பீட்டில் சேருங்கள். புரியும்படி விளக்க முடியாத இடத்தில்தான் தனக்கே புரியாதது எது என்று மாணவருக்குத் தெரியவரும்.

நேரமில்லை என்பீர்கள். உண்மைதான், பாடத்திட்டம் நிரம்பி வழிகிறது. ஆனால் நான் கேட்பது புதிய தாளல்ல. இருக்கும் அலகுகளுக்குள் இந்த வழக்குகளை வைப்பது. நினைவு நடத்தும்போது புனே, வளர்ச்சி நடத்தும்போது இளைஞர் நீதிச் சட்டம், நரம்பிணைப்பு நடத்தும்போது ஈயம், உணர்ச்சி நடத்தும்போது சென்னை அறுவைகள்.

இப்படிக் கேள்வி கேட்கப் பழக்கினால் மாணவர்களுக்கு அறிவியல் மேலேயே நம்பிக்கை போய்விடாதா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கலாம். அதற்கு வலிப்பு நோய் பதில் சொல்லும். பேய் பிடித்தது என்று கட்டிவைக்கப்பட்டவர்களின் நோயை, மூளையின் மின்னோட்டக் கோளாறு என்று காட்டியது நரம்பியல். இந்து திருமணச் சட்டமோ, அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையாகவே வைத்திருந்தது. மருத்துவர்களும் நோயாளிகளின் அமைப்புகளும் ஆண்டுக்கணக்கில் வாதாடிய பிறகு, 1999-இல் திருத்தம் வந்து 'வலிப்பு' என்ற சொல் நீக்கப்பட்டது. அறிவியல் கண்டுபிடித்ததோடு நின்றிருந்தால் சட்டம் மாறியிருக்காது; மனிதர்கள் அதை எடுத்துக்கொண்டு போராடியதால் மாறியது. இதைப் படித்த மாணவர் அறிவியலை இன்னும் ஆழமாக மதிப்பார். மூளையின் பெயரால் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் நம்பிவிடவும் மாட்டார்.

இன்று இதற்கு ஓர் அவசரமும் இருக்கிறது. 2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மனித மூளையின் 5132 வெட்டுப் பகுதிகளை 'தரணி' என்ற பெயரில் உலகுக்குத் திறந்து வைத்தது. இனி மூளை அறிவியலை நாம் இறக்குமதி செய்து படிப்பவர்களாக மட்டும் இருக்கப்போவதில்லை, உருவாக்குகிறவர்களாகவும் இருக்கப்போகிறோம். அந்தத் தரவைக் கொண்டு என்ன கேட்கப்படும், யாருக்காகக் கேட்கப்படும் என்பதை முடிவு செய்யப்போகிறவர்களில் நம் மாணவர்களும் இருக்க வேண்டும்.

ஆகவே, வரும் பருவத்தில் மேலே சொன்னவற்றில் ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் துறை ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்து ஒரு வாரம் நடத்திப் பாருங்கள். மாணவர்கள் எழுப்பிய கேள்விகளைத் தொகுத்து உங்கள் பாடத்திட்டக் குழுவின் முன் வையுங்கள். அந்தக் கேள்விகளைப் படிக்கும் எந்தக் குழுவும் இதை விருப்பத் தலைப்பாக ஓரத்தில் விட்டுவைக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்களைப் போல் ஓர் ஆசிரியர்